மூன்று தெளிந்த பாட்டில்கள்

அத்தியாயம் 7

கதவுக்கு வெளியே பூட்டு விழும் சத்தம் கேட்டபோது ரோஹிணி மூன்றாவது சாயத்தொட்டியின் உள்பக்கத்தை விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காத்து," என்றார் சிட்டிபாபு.

"காத்து கதவைச் சாத்தும். சாவிய ரெண்டு சுத்து சுத்துமா?"

"நகரி காத்து மேடம். எல்லா வேலையும் கத்துக்கிட்ட காத்து."

ரோஹிணி ஓடிப்போய் கதவைத் தள்ளினாள். தேக்குக் கதவு, இரும்புப் பட்டை. அசையவில்லை. வெளியே செருப்புச் சத்தம் அவசரமில்லாமல் தள்ளிப் போனது. ஐந்து நிமிஷத்துக்கு முன்புதான் மேனேஜர் சுரேஷ்பாபு சிரித்த முகத்தோடு, "உள்ள போய் நல்லாப் பாருங்க மேடம், ஒளிக்கறதுக்கு இங்க ஒண்ணும் இல்ல" என்று வழி காட்டியிருந்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவள் படவில்லை. அதை மனசுக்குள் முதல் தப்பு என்று எண் போட்டு வைத்தாள்.

மணி பத்து. பதினொன்றுக்கு மாசு வாரிய என்ஜினீயர் வந்து சோதனைக்கு ஓடைத் தண்ணீரை எடுப்பார். அது நான்காவது பாட்டில். அதுவும் தெளிவாக இருந்தால் நாளை மூன்று மணிக்குச் சித்தூர் கலெக்டர் ஆபீஸில் புகார் ஃபைலை மூடிவிடுவார்கள். ஃபைல் மூடினால் தேவேந்திரன் ஜெயிலிலேயே கிடக்க வேண்டியதுதான்.

தேவேந்திரன் இந்தச் சாயப்பட்டறைக்குக் கீழே ஓடைக்கரைக் காலனியில் இருப்பவன். பகலில் விசைத்தறி ஓட்டுகிறவன். அவனுக்கும் அவன் அம்மா செல்லியம்மாவுக்கும் இருப்பது அரசாங்கம் கொடுத்த ஒன்றரை ஏக்கர் நிலமும் ஒரு கிணறும். கிணற்றுத் தண்ணீர் இரண்டு வருஷமாகச் சிவப்பு. ஜெயச்சந்திரனின் சாயப்பட்டறைக் கழிவுதான் காரணம் என்று அவன் மனு கொடுத்தான். வாரியம் மூன்று தடவை ஓடையில் தண்ணீர் எடுத்தது. மூன்று பாட்டிலும் குடிக்கலாம் போலத் தெளிவு. ஓடை சுத்தம், கிணறு மட்டும் சிவப்பு என்றால் கிணற்றில் சாயப்பொடி கலந்தது யார் என்று ஜெயச்சந்திரன் போலீஸில் கேட்டான். பணம் பறிக்கத் தானே கலந்துகொண்டான் என்று தேவேந்திரனைப் பிடித்துப் போய் இன்றோடு பன்னிரண்டு நாள்.

இந்த வழக்கை எடுத்ததும் ரோஹிணி முதலில் ஆந்திர எல்லையைத் தாண்டிப் போய்க் கேட்டாள். ஓடை இரண்டு மைலில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. அங்கிருந்த அதிகாரி, "தண்ணி உங்க ஸ்டேட்டுலருந்துதானே வருது, அங்க கேளுங்க" என்றார். இங்கே வந்து கேட்டால், "தண்ணி அங்கதானே போகுது, அவங்க எழுதட்டும்" என்றார்கள்.

"தண்ணிக்குப் பாஸ்போர்ட் குடுத்திருந்தா நடுவுல எங்கயாவது ஒருத்தன் முத்திரை குத்தியிருப்பான்," என்று அன்று திரும்பி வரும் பஸ்ஸில் சிட்டிபாபு சொன்னார். அவர் இருபது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். திருப்பதியில் ரோஹிணியின் ஒற்றை அறை துப்பறியும் நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது நாற்பத்தாறு வயது. அவளைவிடப் பதினான்கு வயது பெரியவர், ஆனாலும் மேடம்தான்.

இப்போது அவர் கதவில் ஒரு உதை விட்டு, காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கத்திப் பாருங்க," என்றாள் ரோஹிணி.

"எவன் கேப்பான்?"

உண்மைதான். காலையில் நகரிக்குள் நுழைந்ததிலிருந்து ஏதோ குறைகிறது என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. இப்போதுதான் பிடிபட்டது. தறிச் சத்தம். போன வாரம் வந்தபோது பேசுவது காதில் விழாத அளவுக்கு இரண்டு பக்கமும் தடதடத்துக்கொண்டிருந்த தெரு இன்று மூச்சு விடவில்லை.

பயத்தை அடக்க அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கண்ணில் படுவதை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பது. "தொட்டி ஆறு. ஆறும் காஞ்சு கெடக்கு. நூல் முறுக்கற கம்பு காஞ்சிருக்கு. அடுப்புல சூடு இல்ல. செவுத்துல கண்ணாடி போட்ட சர்ட்டிபிகேட்."

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"ஜெர்மனிக்குப் போற துணி. அவங்க தடை பண்ண சாயம் எதுவும் துணியில இல்லன்னு சோதிச்சுக் குடுத்திருக்காங்க. நம்ம நாட்டுலயும் அந்தச் சாயத்துக்குத் தடை வந்து மூணு வருஷம் ஆச்சு."

"துணிக்கு சர்ட்டிபிகேட்டு, தண்ணிக்கு இல்ல. பேசாம இந்த ஓடையையும் ஜெர்மனிக்கு எக்ஸ்போர்ட் பண்ணியிருக்கலாம். இந்நேரம் பன்னீரா ஓடியிருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. "தொட்டி எல்லாம் ஏன் காஞ்சு கெடக்கு? நம்ம வர்றது தெரிஞ்சு காலி பண்ணிட்டாங்களா?"

"நமக்காக எவன் மேடம் தொட்டி காலி பண்ணுவான்? இன்னைக்கு அமாவாசை. அமாவாசைக்கு எந்தத் தறிக்காரன் நூல் ஓட்டற நாடாவைத் தொடுவான்? தறி ஓடலன்னா சாயத்துக்கு என்ன வேலை? ஊரே லீவு. அதனாலதான் கத்தினா எவன் கேப்பான்னு கேட்டேன்."

ரோஹிணி அப்படியே நின்றாள்.

மூன்று பாட்டில்களின் தேதியும் அவளுக்கு மனப்பாடம். ஏப்ரல் நாலு, செவ்வாய். ஜூன் ரெண்டு, வெள்ளி. ஜூலை ஒண்ணு, சனி. இவற்றை வைத்துக்கொண்டு பத்து நாள் மண்டையை உடைத்திருந்தாள். கிழமை ஒத்துவரவில்லை, தேதி ஒத்துவரவில்லை. திடீர்ச் சோதனை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

சுவரில் சர்ட்டிபிகேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தெலுங்குப் பஞ்சாங்கக் காலண்டர், கிழிக்காமல் மடித்துவிடுகிற மாதிரி, ஆணியில் தொங்கியது. இன்றைய தேதியான ஆகஸ்ட் இருபத்தொன்பதில் அமாவாசைக்கு ஒரு கறுப்பு வட்டம் அச்சிட்டிருந்தது. ஜூலைத் தாளைக் கீழே இறக்கினாள். ஒண்ணாம் தேதியில் கறுப்பு வட்டம். ஜூன். ரெண்டாம் தேதியில் கறுப்பு வட்டம். ஏப்ரலை இறக்கினாள். நாலாம் தேதி.

"நாலும் அமாவாசை," என்றாள். "கவர்மெண்டு இங்கிலீஷ் தேதியில நடக்குது, தறி திதியில நடக்குது. நான் கவர்மெண்டு தேதிய மட்டும் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன்."

சிட்டிபாபு காலண்டரை வந்து பார்த்தார். "பஞ்சாங்கம் பார்த்து வேலை செய்யற ஆபீசரை முதல் தடவையா பார்க்கறேன்."

"அந்த என்ஜினீயர் ஹரிபாபுவை விலைக்கு வாங்கிட்டாங்க. பட்டறை ஓடாத நாளாப் பார்த்து வர்றதுக்கு."

இதைச் சொன்னபோது அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. பதினொன்றுக்கு அந்த ஆள் ஓடையில் குனியும்போது எதிரே நின்று இந்த நான்கு வட்டங்களையும் சொல்ல வேண்டும். ஆனால் நிற்பதற்கு முதலில் வெளியே போக வேண்டுமே. ஜன்னல் கம்பி கட்டை விரல் தடிமன். கூரையோ பன்னிரண்டு அடி. இரண்டு தடவை சுற்றி வந்து, மூன்றாவது தடவைதான் தரையைப் பார்த்தாள்.

ஆறு தொட்டிகளின் கழிவும் போய்ச் சேரும் சாக்கடை சுவருக்கு அடியில் புகுந்து போனது. மேலே கல் பாவியது, இரண்டடி அகலம். வாயில் ஒரு கம்பி வலை.

"வேண்டாம்," என்றார் சிட்டிபாபு, அவள் முகத்தைப் பார்த்தே.

"மத்த நாள்ல இதுல கொதிக்கற சாயத் தண்ணி ஓடும். இன்னைக்கு ஒரு சொட்டு இல்ல."

"என் வயித்தோட அளவு உங்களுக்குத் தெரியாது."

"ஃபுட்போர்டுல எண்பது பேரை ஏத்தினவர்தானே நீங்க?"

"அது அவங்க வயிறு மேடம்!"

வலை கையோடு வந்தது. ரோஹிணி முன்னால் தலையை விட்டாள். உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் போய்விட்டது. முழங்கைக்குக் கீழே காய்ந்த சாயம் அப்பளம் போல நொறுங்கி மூக்கில் ஏறியது. பாதி வழியில் தோள் இரண்டு பக்கமும் கல்லில் இறுகி நின்றது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னால் சிட்டிபாபு. பட்டறையில் யாராவது இப்போது ஒரு தொட்டியைத் திறந்துவிட்டால் என்று ஒரு நினைப்பு வந்தது. மூச்சை முழுக்க வெளியே விட்டு, உடம்பைச் சுருக்கி, ஒரு கையை முன்னால் நீட்டிப் போட்டாள். கல் விட்டது.

நாற்பது அடி. முள்ளுச் செடிக்கு நடுவில் தலை வெளியே வந்தபோது எதிரே ஒரு ஜோடி பாலிஷ் போட்ட ஷூ நின்றது. மேலே பார்த்தாள். கண்ணாடி பாட்டிலும் ஐஸ் பெட்டியுமாக ஒரு முப்பது வயதுக்காரர், வாயைப் பிளந்து நின்றார். பக்கத்தில் கொசுவத்தை இடுப்பில் செருகிய செல்லியம்மா.

"அய்யய்யோ, இன்னாம்மா இது, மூஞ்செல்லாம் செவப்பா கீது! அடிச்சுட்டானுங்களா?"

"அடி இல்லம்மா, மேக்கப்பு," என்று உள்ளேயிருந்து சிட்டிபாபுவின் குரல் வந்தது. "யாராவது என் கையப் புடிச்சு இழுங்க."

ரோஹிணி எழுந்து முகத்தைத் துடைக்காமலே கேட்டாள். "ஹரிபாபு சார் நீங்கதானே? ஏப்ரல் நாலு, ஜூன் ரெண்டு, ஜூலை ஒண்ணு, இன்னைக்கு. நாலும் அமாவாசை, நாலும் பட்டறைக்கு லீவு. இந்த நாளைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தாங்க?"

ஹரிபாபு கோதாவரிப் பக்கத்துக்காரர். தமிழ் புரியும், பேச்சு தெலுங்கு. அவர் கோபப்படவில்லை. தோள்பையிலிருந்து ஃபைலை எடுத்து, ஒரு காகிதத்தைப் பிரித்து அவளிடம் நீட்டினார்.

"இவங்கதான் சொன்னாங்க," என்றார் தெலுங்கிலேயே, செல்லியம்மாவைக் காட்டி.

தெலுங்கில், முத்து முத்தான கையெழுத்து. சிட்டிபாபு தோளுக்கு மேலிருந்து படித்துத் தமிழில் சொன்னார். "ஐயா, மாதிரி எடுக்கும்போது புகார்தாரரும் இரண்டு சாட்சிகளும் கூட இருக்க வேண்டும் என்று சொன்னீர்கள். நாங்கள் எல்லோரும் தறியில் கூலி வேலை செய்பவர்கள். வேலை நாளில் வந்தால் வேலை போய்விடும். அமாவாசை அன்றுதான் எங்களுக்கு விடுமுறை. தயவு செய்து அமாவாசையில் வரவும். அனைவரும் காத்திருப்போம்." கீழே தேவேந்திரன் கையெழுத்து. அதற்குக் கீழே ஆறு கைநாட்டு.

ரோஹிணிக்குக் காது சூடானது. ஒரு நல்ல மனுஷன் மேல் லஞ்சப் பழி போட்டுவிட்டாள். அதைவிட மோசம், கண்ணியை வைத்தது யார் என்று பத்து நாளாகத் தேடினாள். மாட்டிக்கொண்டவனே முடிச்சுப் போட்டிருக்கிறான்.

"மூணு தடவையும் சாக்கடை வாய் வறண்டு கெடந்துச்சு," என்றார் ஹரிபாபு. "ஓடையில ஊத்துத் தண்ணி மட்டும் ஓடிச்சு. கண்ணால பார்த்ததைத்தானே எழுத முடியும்? அமாவாசை இவங்களுக்கு லீவுன்னு தெரியும். பட்டறைக்கும் லீவுன்னு எனக்கு யாரும் சொல்லல. எங்க ஊர்ல அப்படிக் கிடையாது."

"சொல்றதுக்கு இன்னா கீது சார்?" என்றாள் செல்லியம்மா. "ஊருக்கே தெரிஞ்சதாச்சே. உங்களுக்குத் தெரியாதுன்னு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?" சொல்லி முடிக்கும்போதே அவளுக்கு முழுசாகப் புரிந்துவிட்டது. ஓடைக்கரையில் உட்கார்ந்துவிட்டாள். "எம்புள்ள கையாலயே எழுதி... ஒவ்வொரு தடவையும் சொக்காய மாத்திக்கினு வந்து நின்னானே."

ரோஹிணி கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நாற்பது. "சார், இன்னைக்கு எடுக்காதீங்க. நாளைக்குக் காலைல வாங்க."

"முடியாதும்மா. ஃபைல்ல இன்னைக்குன்னு உத்தரவு. மாத்தணும்னா புகார்தாரர் எழுதித் தரணும். அவர் ஜெயில்ல."

"புது மனு குடுத்தா?"

"பாதிக்கப்பட்ட நிலத்துக்காரர் யாரா இருந்தாலும் குடுக்கலாம்."

"அம்மா, கிணறு யார் பேர்ல இருக்கு?"

"எம்பேர்லதான். கவர்மெண்டு பொம்பளைங்க பேருக்குத்தானே பட்டா குடுத்துது."

சிட்டிபாபு ஏற்கனவே பேனாவைத் திறந்திருந்தார். கண்டக்டர் வேலையில் ஓடுகிற பஸ்ஸில் எழுதிப் பழகிய கை. தன் முழங்காலிலேயே வைத்து அரைப் பக்கம் தெலுங்கு எழுதி முடித்தார். செல்லியம்மா தமிழில் கையெழுத்துப் போட்டாள். ஹரிபாபு வாங்கித் தேதி போட்டார்.

"இன்னைக்கு ஒரு பாட்டில் எடுப்பேன், இந்த மனுவுக்கு நாளைக்குக் காலைல ஒண்ணு. பரிசோதனை ரிப்போர்ட் வர பத்து நாள் ஆகும். ஆனா நிறத்தைப் பார்க்க கண்ணு போதும். ஒரே ஓடையில நேத்து தெளிவு, இன்னைக்குச் சாயம்னு நான் நாளைக்கு எழுதிக் கொண்டுபோனா ஃபைலை மூட முடியாது. நோட்டீஸ் தண்ணி எடுக்கற நேரத்துலதான் பட்டறைக்குக் குடுப்பேன். முன்னாடியே குடுக்கணும்னு சட்டத்துல இல்ல." கொஞ்சம் தயங்கினார். "ஆனா அவங்களுக்கு வாசனை பட்டா நாளைக்கும் தொட்டி காஞ்சுதான் இருக்கும். இன்னும் இருபது நிமிஷத்துல அந்த மேனேஜர் கையெழுத்துப் போட இங்க வருவான்."

சிட்டிபாபு மெதுவாக ரோஹிணி பக்கம் திரும்பினார். அவள் சாக்கடை வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம். சத்தியமா வேண்டாம்."

"நம்மள பூட்டி வெச்சிருக்கறதா அவன் நம்பிக்கிட்டு இருக்கான். பூட்டத் திறக்கும்போது உள்ள நாம இருக்கணும்."

"வெளிய வர்றதுக்கே வேட்டி கிழிஞ்சுது. திரும்ப உள்ள போறதுக்கு நான் பிறக்கும்போதே வேற சைஸுல பிறந்திருக்கணும்."

ஆனாலும் போனார். போகிற வழியெல்லாம் தெலுங்கில் முனகிக்கொண்டே போனார்.

பன்னிரண்டு மணிக்குக் கதவு திறந்தது. "அடடா, காத்துல சாத்திக்கிச்சா மேடம்? நான் கவனிக்கவே இல்லயே!" என்றான் சுரேஷ்பாபு. அவன் சட்டைப்பையில் நான்காவது பாட்டிலுக்கான ரசீது எட்டிப்பார்த்தது. இரண்டு பேர் முகத்திலும் இருந்த சிவப்பைப் பார்த்து, "என்ன இது?" என்றான்.

"பொழுது போகல," என்றார் சிட்டிபாபு. "ஹோலி ஆடினோம்."

ரோஹிணி தோற்றுப்போனவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தாள். நடிப்பதற்கு அதிகம் சிரமப்படவில்லை.

அன்று சாயங்காலம் காலனியில் கூட்டம் கூடியது. முப்பது பேர் இருக்கும். பாதிப் பேர் விசைத்தறியில், மீதிப் பேர் ஜெயச்சந்திரன் பட்டறையில். ரோஹிணி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். "நாளைக்கு எல்லாரும் வேலைக்குப் போகாம ஓடைக்கு வாங்க. முப்பது பேர் நின்னா ஆபீசருக்கும் தைரியம். ஒரு நாள்தான்."

தலைகள் ஆடின. சரி என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். செல்லியம்மா மட்டும் சொல்லவில்லை.

"அல்லாரும் ஓடைக்கு வந்துட்டா," என்றாள், "சாயம் யார் போடறது?"

ரோஹிணி அவள் பக்கம் திரும்பினாள்.

"நாங்க போவலன்னா பட்டறை ஓடாது. பட்டறை ஓடலன்னா தண்ணி தெளிவாத்தான் வரும். மறுபடி அமாவாசதான்." செல்லியம்மா கூட்டத்தைப் பார்த்தாள். "ரெண்டு பேர் என்னோட வாங்க, சாட்சிக்கு. ரங்கா, நீ வா. ரத்னம்மா, நீ வா. உங்களுக்கு வேல போச்சுன்னா எங்கூட்டுல துன்னுங்க. மிச்சம் பேர் அல்லாரும் வேலைக்குப் போங்க. ஒருத்தர் கொறையக்கூடாது. எப்பவும் போலப் போடுங்க." பிறகு மருமகளைப் பார்த்தாள். தேவேந்திரன் மனைவி ரூபா பட்டறையில் நூல் அலசுகிறவள். "நீயும் போ."

"நான் எப்பிடி அத்தே? அது நம்ம கெணத்துக்குத்தானே வருது."

"தெரியும். போ."

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஊர் தடதடக்க ஆரம்பித்தது. ஒன்பதரைக்கு ஹரிபாபு ஜீப்பை ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். ரங்கனும் ரத்னம்மாவும் வெள்ளையாக உடுத்திக்கொண்டு, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள். சாக்கடை வாய் வறண்டு கிடந்தது.

பத்து மணி. ஒன்றும் வரவில்லை.

பத்தே கால். சுரேஷ்பாபுவுக்குத் தெரிந்துவிட்டதோ? நேற்று சிட்டிபாபு பேசின ஹோலியில் ஏதாவது சந்தேகம் வந்திருக்குமோ? தான் கணக்குப் போட்டதில் எங்கே பிசகு என்று ரோஹிணி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள். சித்தூருக்கு ரோடு வழியாக இரண்டு மணி நேரம். பன்னிரண்டுக்குள் கிளம்பியே ஆக வேண்டும். சிட்டிபாபு குனிந்து சாக்கடைக் கல்லில் காதை வைத்துக் கேட்டார்.

கல்லுக்கு அடியில் ஏதோ உருளுகிற மாதிரி சத்தம் கேட்டது. முதலில் நுரை. பின்னாலேயே ஆவி பறக்க, அடர் சிவப்பில், நேற்று அவர்கள் ஊர்ந்து வந்த வழி நிறையத் தண்ணீர் பாய்ந்து ஓடையில் விழுந்தது. ஊற்றுத் தண்ணீர் போன இடம் தெரியவில்லை. ஓரத்துப் புல் சாய்ந்தது. அது வளைந்து திரும்பி, செல்லியம்மாவின் நிலத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

ஹரிபாபு குனிந்து பாட்டிலை நிரப்பினார். சூட்டில் கை சுட்டு ஒரு தடவை உதறிக்கொண்டார். சீல் வைத்து, பெயர்ச்சீட்டில் மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்கினார். சிட்டிபாபு நோட்டீஸை எடுத்துக்கொண்டு பட்டறையின் முன்வாசலுக்குக் கிளம்பினார். சுரேஷ்பாபுவின் முகத்தை நேரில் பார்க்கும் வேலையை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்று காலையிலேயே சொல்லி வைத்திருந்தார்.

"அம்மா," என்றார் ஹரிபாபு, செல்லியம்மாவின் முகத்தை நேராகப் பார்க்காமல். "இன்னும் ரெண்டு பாட்டில் வேணும். கோர்ட்டுக்கு ஒண்ணு, பட்டறைக்காரனுக்கு ஒண்ணு."

செல்லியம்மா ஓடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எத்தினி வேணுமோ எடுத்துக்கோ சார்," என்றாள். "இன்னைக்கு நல்லா வருது."